ஆள் இல்லாத வீடு

ஸ்ரீரங்கத்தில் வீட்டைவிட்டு நெடுநாள் வெளியூர் போனவர்களில் பிரசித்தமானவர் ரங்கநாதர் கோயில் உற்சவரான நம்பெருமாள்தான். 1323-இல் டெல்லி சுல்தானின் படை ஊரை நெருங்கியபோது, உற்சவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் சில அடியார்களும் தெற்கு நோக்கிக் கிளம்பினார்கள். பள்ளிகொண்ட மூலவரான பெரியபெருமாளைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே! கருவறைக்கு முன்னால் கல்லால் ஒரு திரை எழுப்பி அவரை மறைத்துவிட்டுப் போனார்கள் என்று கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் சொல்கின்றன. மதுரைப் பக்கம், மலையாளம், மேல்கோட்டை, திருமலை என்று சுற்றிய நம்பெருமாளை 1371-இல் விஜயநகரத் தளபதி கோபண்ணர் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். இடையில் போனது 48 ஆண்டு.

சாமானியக் குடும்பங்களுக்கு அப்படியொரு நிலைமை வந்தது குறைவு. பஞ்சம், படையெடுப்பு, கொள்ளைநோய் இவற்றை ஒதுக்கிவிட்டால், ஒரு வீடு முழுக்க ஆளில்லாமல் கிடப்பது திருச்சி வட்டாரத்தில் சமீப காலம் வரை அபூர்வம். இன்றைக்குக் கதை வேறு. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ இரண்டு நாள் முன்னால், சாயங்கால வேளையில் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று பார்க்கலாம். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், உறையூர், தில்லைநகர் என்று நாலா பக்கத்திலிருந்தும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, இடுப்பில் குழந்தை. முசிறிக்கும் துறையூருக்கும் நாமக்கல்லுக்கும் கரூருக்கும் பஸ் பிடிக்க ஓடுகிற ஒவ்வொரு குடும்பமும் பின்னால் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறது. போலீஸ் பாஷையில் அதற்குப் ‘பூட்டிய வீடு’ என்றே பெயர்.

இந்தப் பூட்டிய வீட்டுக்கு வயது இரண்டு, மூன்று தலைமுறைதான். அதற்கு முன்பும் திருடு இருந்தது, நகை இருந்தது, பண்டிகை இருந்தது. காவல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடுகளே அதற்குச் சாட்சி. வாசலில் திண்ணை, பிறகு ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை. தெருவில் தொடங்கிக் கொல்லைச் சந்து வரை ரயில் பெட்டி மாதிரி ஒரே நீளம். இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு பொதுச் சுவர். முற்றத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி. வெயிலும் மழையும் தாராளமாக உள்ளே வரலாம். ஓட்டின் மேல் ஏறி வருகிற ஆள் மட்டும் வரக்கூடாது என்ற கணக்கு.

வாசற்கதவைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கனத்த மரத்தில் இரட்டைக் கதவு. வெளிப்பக்கம் பித்தளைக் குமிழ்கள், பிடித்துத் தட்ட ஒரு வளையம், பூட்டு மாட்ட ஒரு நாதாங்கி, அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தால்தான் அதன் பலம் தெரியும். மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் கதவுக்குக் குறுக்கே போடுகிற மரக்கட்டை. பகலில் அந்தக் கட்டை சுவருக்குள் இருக்கும் பொந்தில் ஒளிந்திருக்கும். ராத்திரி இழுத்து எதிர்ச்சுவர்க் குழியில் செருகினால் நாலு பேர் தோள் கொடுத்து முட்டினாலும் அசையாது. ஆனால் அந்தக் கட்டையைப் போட உள்ளே ஒரு ஆள் வேண்டும். எல்லோரும் வெளியே போய்விட்டால் அத்தனை பெரிய கதவுக்கும் மிஞ்சுவது நாதாங்கியில் தொங்குகிற ஒரு பூட்டு. கதவைச் செய்த தச்சருக்கு அப்படி ஒரு நாள் வரும் என்று தோன்றவே இல்லை. யாராவது உள்ளே இருப்பார்கள் என்பதை வைத்துத்தான் கதவே செய்யப்பட்டது.

யாராவது இருந்தார்கள் என்பதும் உண்மை. கூட்டுக் குடும்பத்தில் கல்யாணத்துக்கு இருபது பேர் வண்டி கட்டிப் போனாலும் படுக்கையோடு கிடக்கும் கிழவரும், மடி பார்க்கும் பாட்டியும், பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண்ணும் வீட்டில் இருப்பார்கள். தம் காசி யாத்திரையை எழுதிவைத்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில்தான் திரும்பினார். யாத்திரை என்றால் அப்படி வருடக்கணக்கில் ஆகிற காலம் அது. ஊரோடு இருந்துவிட்டவர்களே வீட்டுக்குக் காவல். திண்ணையில் முன்பின் தெரியாத வழிப்போக்கர் படுத்துத் தூங்குவார். வீட்டுக்காரர் அவரை விரட்டுவதில்லை. தர்மத்துக்குத் தர்மம், வாசலில் ஒரு ஆள் படுத்திருப்பதால் காவலுக்கும் காவல்.

திருடர்களும் இதை அறிந்தவர்கள்தான். பலமான வாசலோடு அவர்கள் மல்லுக்கட்டவில்லை, கன்னம் வைத்தார்கள். மண்சுவரோ செங்கல் சுவரோ, கன்னக்கோலால் ஓசையில்லாமல் அகழ்ந்து, ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் துளை போடுவது. இது நேற்றைய வித்தை அல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் நள்ளிரவுத் திருடர்கள் வருகிறார்கள்: கருத்த உடை, காலில் செருப்பு, இடுப்பில் கத்தி, நிலத்தை அகழும் உளி, சுற்றிக்கட்டிய நூலேணி. அவர்களைப் பிடிக்க, கொட்டும் மழையிலும் தெருச் சுற்றுவதை விடாத ஊர்காவலரையும் அதே பாட்டு காட்டுகிறது. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் இன்னும் ஒரு படி மேலே போகிறான். கோவலனைக் கள்வன் என்று நம்பவைக்க, கள்வர்களுக்குத் துணையாகும் எட்டுச் சங்கதிகளைக் காவலர்களிடம் வரிசையாக ஒப்பிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம் ஆகியவற்றோடு இடம், காலம், கருவி என்ற மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் ஐந்தையும் இன்றைக்கு யாரும் நம்பவேண்டியதில்லை. பின் மூன்றும் இன்றைய எஃப்.ஐ.ஆர். வரைக்கும் அப்படியே பொருந்துகின்றன.

காலம் என்றதும் ஸ்ரீரங்கத்துக்கு மார்கழிதான் நினைவுக்கு வரும். பகல்பத்து, இராப்பத்து என்று இருபது நாளுக்கு மேல் நடக்கிற வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் ஊரின் ஜனத்தொகை பல மடங்காகும். சொர்க்கவாசல் திறக்கிற அன்றைக்கு விடிய விடிய யாரும் தூங்குவதில்லை. அந்தத் திருவிழாவிலேயே ஒரு திருட்டு நடக்கிறது! இராப்பத்தின் எட்டாம் நாள் வேடுபறி. நம்பெருமாள் குதிரை வாகனத்தில் மணல்வெளியில் வையாளி கண்டருள, திருமங்கை மன்னன் வழிமறித்துப் பறிக்கிற கட்டம். வழிப்பறி செய்தாவது கைங்கரியம் நடத்திய ஆழ்வார் அவர். கோயிலின் நாலாம் சுற்றுக்கு ஆலிநாடன் திருச்சுற்று என்று அவர் பெயர். அந்த மதிலைக் கட்டியவரும் அவரே என்பது ஸ்ரீரங்கத்து ஐதிகம். கொள்ளையடித்தவர் கையால் எழுந்த மதிற்சுவர் கோயிலைக் காக்கிறது. வேறெந்த ஊருக்கும் இந்தப் பெருமை வாய்த்ததாகத் தெரியவில்லை.

திருடத் தெரிந்தவனுக்கே காக்கவும் தெரியும் என்ற இதே நியாயத்தில்தான் தமிழ்நாட்டின் பழைய காவல் முறையும் ஓடியது. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரி அடிக்கடி வரும். ஊரைக் காப்பதற்காக ஊரார் கொடுத்தது. நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் மதுரை, திருச்சி, தஞ்சை, திருநெல்வேலிச் சீமைகளில் இந்தக் காவல் பரம்பரை உரிமையாகச் சில குலத்தாரிடம் இருந்தது. அறுவடையில் ஒரு பங்கு, வீட்டுக்கு இவ்வளவு என்று காவல்கூலி. பதிலுக்கு, காவல் எல்லைக்குள் திருடு போனால் காவல்காரர் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். இன்றைய வாட்ச்மேன் வேலையும் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையும் ஒரே ஆளிடம் இருந்தன என்று சொல்லலாம். மாடு களவு போனால் ‘துப்புக்கூலி’ என்று ஒரு தொகை கொடுத்து மீட்கிற வழக்கமும் இருந்தது.

காவல்கூலி கொடுக்காத ஊரில் என்ன ஆகும்? கொடுக்கும்வரை ஏதாவது காணாமல் போய்க்கொண்டிருக்கும். வெள்ளைக்கார அதிகாரிகள் இதை மிரட்டிப் பணம் பறிப்பது என்றே எழுதினார்கள். 1906-இல் மதுரை மாவட்ட கெசட்டியரை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் அந்த ரகம். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கம்பெனி அரசு காவல் மானியங்களைக் கைப்பற்றி, அந்த வேலையைப் பறித்த பிறகு பிழைப்புக்கு வழியற்று நின்றவர்களின் கதையை அந்தக் கெசட்டியர்கள் அவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. ஊரைக் காத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனில் போய் ஆஜர் கொடுக்கவேண்டி வந்தது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில், மாயக்கா என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்கியது. வீட்டுக்காவலின் வரலாற்றில் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது நியாயமில்லை.

அரசாங்கக் காவல் மெதுவாகத்தான் வந்தது. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரைப் போலீஸ் பொறுப்பாளர் ஆக்கியது. தலையாரி அவருக்குக் கீழ். 1859-இன் 24-ஆம் சட்டத்தால் சென்னை மாகாணத்துக்குச் சம்பளப் போலீஸ் வந்தது. 1862-இல் அமலான இந்தியத் தண்டனைச் சட்டம், கன்னம் வைப்பதைக்கூட அக்கறையாக விளக்கியது. அதன் 445-ஆம் பிரிவு வீடுடைத்தலை ஆறு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையே, உள்ளே போகத் தானே ஒரு வழி உண்டாக்கிக்கொள்வது. பூட்டைத் திறந்து நுழைவது நாலாவதுதான். அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கும் சுவரே முதலில் நினைவுக்கு வந்தது போலும். திருடும் நோக்கத்தோடு பகலில் வீடுடைத்தால் 10 ஆண்டு வரை சிறை. இரவு என்றால் 14 ஆண்டு வரை. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. இரவுத் திருட்டுக்குக் கூடுதல் தண்டனை என்ற பழைய பாகுபாடு அதிலும் தொடர்கிறது.

திருச்சி நகரத்துக்கு மட்டும் நெடுங்காலம் ஒரு பெரிய கதவு இருந்தது. மலைக்கோட்டையைச் சுற்றி, ஏறக்குறைய ஒரு மைல் நீளம், அரை மைல் அகலத்துக்கு மதிலும் அகழியும். ராணி மங்கம்மாள் இங்கிருந்து ஆண்டபோதும், கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்த ஊருக்காக மோதியபோதும், நகரவாசியின் வீட்டுக்கு முதல் பூட்டு கோட்டை வாசல்தான். 1866 நவம்பரில் திருச்சி நகராட்சி உண்டானது. மதில் போயிற்று, அகழி தூர்ந்து அதன் மேல் சாலை வந்தது. மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு என்று பஸ் கண்டக்டர் கூவுவது அந்த அகழித் தடத்தைத்தான். கோட்டையில் மிச்சம் நிற்கிற வாசல் மெயின்கார்டு கேட். துணிக்கடைப் பைகளோடு ஜனங்கள் அதன் வழியாகப் புகுந்து புறப்படுகிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சத்திரம். வழிப்போக்கர்களுக்குத் தங்க இடம் கொடுத்த சத்திரத்தின் பெயர், ராத்தங்காமல் ஓடிக்கொண்டே இருப்பவர்களின் பேருந்து நிலையத்துக்கு ஒட்டிக்கொண்டது.

மதில் இல்லாத ஊரில், தெருவுக்குத் தெரு காவல் என்ற பழைய ஏற்பாடு இன்னொரு உருவத்தில் திரும்பி வந்தது. கூர்க்கா. இந்தியாவும் நேபாளமும் 1950 ஜூலையில் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இரு நாட்டாரும் தடையின்றிப் போக்குவரத்து வைத்துக்கொள்ள முடிந்தது; நேபாளத்து மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் ராக்காவல்காரர்கள் ஆனார்கள். நள்ளிரவில் தரையில் தடியைத் தட்டும் ஓசை, நீளமாக ஒரு விசில், மறுபடி நிசப்தம். மாதம் பிறந்ததும் வாசலில் நின்று ஒரு சலாம், கையில் ஒரு நோட்டு, ஐந்தோ பத்தோ வசூல். அவருக்கு அரசு நியமனம் கிடையாது, எழுதிய ஒப்பந்தம் கிடையாது. தெருவில் எந்த வீட்டில் யார் ஊரில் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரியும். விசில் சத்தம் திருடனை முன்கூட்டியே உஷார்படுத்திவிடும் என்று கேலி பேசுவார்கள். அது தப்பான கேலி. திருடனைப் பிடிப்பதை விட அவனை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவதுதான் கூர்க்காவின் வேலை. அதற்கு விசில் போதும்.

வீட்டுக்குள்ளும் சில தற்காப்புகள் இருந்தன. இன்றைய தலைமுறை மறந்துவிட்ட ஒன்று, பாத்திரத்தில் பேர் வெட்டுவது. பித்தளைத் தவலையோ எவர்சில்வர் குடமோ வாங்கினால், கடைவாசலிலேயே ஒருவர் சிறு உளியும் சுத்தியுமாக உட்கார்ந்திருப்பார். புள்ளி புள்ளியாகக் கொத்தி முதலெழுத்தும் பெயரும் தேதியும் போட்டுத் தருவார். கல்யாணச் சீர் என்றால் கொடுத்தவர் பெயரும் சேரும். அன்பின் அடையாளம் என்று நினைக்கிறோம். அதோடு அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்கூட. தங்கத்துக்குச் சமமாகப் பித்தளை அண்டாவும் திருடு போன காலம் அது. பேர் வெட்டிய பாத்திரத்தை அடகுக்கடையில் வைக்கப் போனால் கேள்வி வரும். போலீஸ் மீட்டு வந்தால் யாருடையது என்பதில் தகராறு வராது.

பிறகு இரும்பு வந்தது. அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் பம்பாயில் பூட்டுத் தொழில் தொடங்கி, சில வருஷங்களில் இரும்புப் பெட்டிக்கும் போனார். அந்த வழியில் வந்த இரும்பு அலமாரி தமிழ் வீடுகளில் ‘பீரோ’ ஆகி, சீர்வரிசையில் ஏறியது. “பீரோவை உடைத்து” என்ற சொற்றொடர் இல்லாமல் இன்று ஒரு திருட்டுச் செய்தியும் அச்சாவதில்லை. எல்லா நகையும் எந்த வீட்டிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று திருடனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் பீரோதான். மண்ணுக்கடியிலும் அரிசிப் பானையிலும் உத்தரத்து இடுக்கிலும் பிரித்துப் பிரித்து வைத்த பாட்டிகளுக்கு அந்த விஷயத்தில் விவரம் அதிகம்.

திருச்சியிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கிலோமீட்டரில் திண்டுக்கல். அந்த ஊரில் கையாலேயே அறுத்து, ராவி, லீவர் அடுக்கிச் செய்கிற பூட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பெயர் உண்டு. சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் தொடங்கிவைத்த தொழில் என்பார்கள். மாங்காய்ப் பூட்டு அதன் வடிவத்தால் பெயர் பெற்றது. வேறு சாவி போட்டுத் திருகினால் மணியடிக்கும் பெல் பூட்டும் அங்கே செய்தார்கள். மணியடிக்கிற பூட்டுக்கும் மணியைக் கேட்க ஒரு காது வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகளோடு விலையில் போட்டி போட முடியாமல் பட்டறைகள் குறைந்துகொண்டே வந்தன. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே 2019-இல்தான் திருச்சிக்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி வேறொரு செய்தியும் கிடைத்தது, அதுவும் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே.

அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. நவராத்திரி நடந்துகொண்டிருந்தது; பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை. சத்திரம் அருகேயுள்ள லலிதா ஜுவல்லரியின் பெரிய கடையைக் காலையில் திறந்தபோது தரைத்தளம் துடைத்துவைத்த மாதிரி கிடந்தது. ஏறக்குறைய 13 கோடி ரூபாய் நகை போயிருந்தது. ஷட்டர் பூட்டு ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. கட்டடத்தின் பின்பக்கம், பக்கத்துக் கல்வி வளாகத்தை ஒட்டிய சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் துளை. அதே கன்னம்! கன்னக்கோலின் இடத்தில் துளைபோடும் கருவி. நூலேணியின் இடத்தில் கயிறு. கருத்த உடையின் இடத்தில் மிருகப் பொம்மை முகமூடி. மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப்பொடியைத் தூவிவிட்டுப் போயிருந்தார்கள்.

கேமராக்கள் வேலை செய்தன. என்ன பதிவாயிற்று என்றால், முகமூடி போட்ட இரண்டு பேர் அவசரமில்லாமல் தட்டுத் தட்டாக நகையை எடுத்துப் பையில் போடுவது. அந்தக் காட்சியை மறுநாள் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த நேரத்தில் பார்த்தவர் யாருமில்லை. முன்வாசலில் ராக்காவலுக்கு ஆட்கள் இருந்தார்கள். பின்சுவருக்கு அப்பால் விடுமுறை. திருடர்கள் தேர்ந்தெடுத்தது நகைக்கடையின் பலவீனத்தை அல்ல, பக்கத்து இடத்தின் வெறுமையை. அதே ஆண்டு ஜனவரியில் நம்பர் ஒன் டோல்கேட் பக்கத்தில் பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையிலும் சுவரைத் துளைத்து லாக்கர்களை உடைத்திருந்தார்கள். அந்த வருஷக் குடியரசு தினம் சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை காலையில்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டும் ஒரே கும்பலின் கைவரிசை என்று போலீஸ் பின்னால் சொன்னது.

நகைக்கடைக் கும்பலில் முதல் ஆள் சிக்கியதும் கவனிக்கத்தக்கது. மறுநாள் ராத்திரி திருவாரூரில் வழக்கமான வாகனச் சோதனை. ஒரு இரு சக்கர வாகனத்தைப் போலீஸார் நிறுத்தினார்கள், பைக்குள் கிலோக் கணக்கில் தங்கம். மிருக முகமூடியைப் பார்த்து எந்தக் கணினியும் ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. ராத்திரி ரோட்டில் நின்றுகொண்டு வண்டியைக் கைகாட்டி மறித்த காவலர்களிடம்தான் அவன் மாட்டினான். மிச்ச நகையில் ஒரு பங்கு ஆற்றங்கரையில் புதைத்துவைத்த இடத்திலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. மண்ணுக்கடியில் வைக்கும் பாட்டிகளின் நுட்பம் திருடர்களுக்கும் தெரிந்திருந்தது.

வங்கி லாக்கர் விஷயத்தில் பின்னால் ஒரு நல்லது நடந்தது. ரிசர்வ் வங்கியின் புது விதிகள் 2022 ஜனவரி 1 முதல் அமலாகின. அதன்படி லாக்கரில் திருட்டு, கொள்ளை, தீ விபத்து நடந்தால், ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பேற்க வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் வாடகை என்றால் இரண்டு லட்சம். இன்றைய தங்கம் விலையில் அது எத்தனை பவுனுக்கு ஈடாகும் என்று கணக்குப் போட்டால் பெருமூச்சுதான் வரும். ஆனாலும் வீட்டுப் பீரோவில் போனால் அதுவும் கிடையாது. தனியாகக் காப்பீடு எடுத்திருந்தால் ஒழிய. பழைய காவல்காரர் முழுதும் ஈடுகட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

வீடு காலியானது எப்படி? பஸ்ஸும் பள்ளிக்கூடமும் சேர்ந்து செய்த வேலை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1862-இல் ரயில் வந்தது, பிறகு மோட்டார் பஸ் வந்தது. மூன்று நாள் பயணம் மூன்று மணி ஆயிற்று. பெல் தொழிற்சாலைக்கும் பொன்மலைப் பணிமனைக்கும் கல்லூரிகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள் தாய் தகப்பனைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்தார்கள். நாலு பேர் குடும்பம், மாடியில் ஒரு போர்ஷன். பள்ளிக்கு லீவு விட்டதும் நாலு பேரும் சேர்ந்து கிளம்பினால் பின்னால் தங்குவதற்கு ஐந்தாவது ஆள் கிடையாது. திண்ணைகளை இடித்துக் கடை வைத்தார்கள், கார் நிறுத்தினார்கள். வாசலில் படுக்கும் வழிப்போக்கருக்கு இடமில்லாமல் போயிற்று. கதவின் பலமெல்லாம் வெளிப்பக்கத்துக்கு மாறியது: கிரில் கேட், அதற்கு ஒரு பூட்டு, உள்கதவுக்கு ஒரு பூட்டு. வெளியில் தொங்குகிற பூட்டு எவ்வளவு பெரிதோ, உள்ளே ஆளில்லை என்ற அறிவிப்பும் அவ்வளவு பெரிது.

கோலமும் அப்படியொரு அறிவிப்புத்தான். மார்கழியில் ஸ்ரீரங்கத்துத் தெருவில் வரிசையாக எல்லா வாசலிலும் பூசணிப்பூ வைத்த கோலம் இருக்க, நடுவில் ஒரு வாசல் மட்டும் நேற்றைய சருகோடு கிடந்தால் அதைப் படிக்கத் திருடனுக்கு எழுத்தறிவு தேவையில்லை. கேட்டில் செருகிய நாலு நாள் பேப்பரும், படியில் புளித்துப்போன பால் பாக்கெட்டும், பகலிலும் எரிகிற வாசல் விளக்கும் அதே சேதியைத்தான் சொல்கின்றன. குலதெய்வம் கோயிலில் எடுத்த போட்டோவை அங்கிருந்தே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, தண்டோரா போட்டு ஊருக்கே சொல்வதுதான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் தெப்பக்குளம், என்.எஸ்.பி. ரோடு, பெரியகடை வீதிப் பக்கம் மாநகரப் போலீஸ் தற்காலிகப் புறக்காவல் நிலையம் போடுகிறது. கோபுரம் கட்டி நின்று கூட்டத்தைக் கண்காணிக்கிறார்கள், ஜேப்படிக்காரர்களைப் பற்றி ஒலிபெருக்கியில் எச்சரிக்கிறார்கள். அது கடைவீதிக்கு. பூட்டிய வீட்டுக்கு உள்ள ஏற்பாடு இன்னும் பழையது, இன்னும் எளியது. ஊருக்குப் போகிறவர் தம் பகுதிக் காவல் நிலையத்தில் விலாசமும், எத்தனை நாள் என்பதும், செல்போன் நம்பரும் எழுதிக் கொடுத்தால், ரோந்து போகும் காவலர் அந்தத் தெருவைத் தம் சுற்றில் சேர்த்துக்கொள்வார். முக்கியமான இடங்களில் ‘பட்டா புத்தகம்’ என்ற ரோந்துக் குறிப்பேடு வைத்து, வந்துபோன நேரத்தைக் காவலர் கையெழுத்திடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. சில ஊர்களில் கையெழுத்துக்குப் பதில் கியூ.ஆர். கோடு வந்துவிட்டது. பாடிகாவலுக்கு வரி கொடுத்த மாதிரி இதற்குத் தனியாக எதுவும் கொடுக்கவேண்டியதில்லை.

கேமரா வைப்பதும் நல்லதுதான், செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் துறையூரில் உட்கார்ந்து ஸ்ரீரங்கத்து வாசலில் யாரோ நிற்பதைப் பார்த்தால் அடுத்து யாரைக் கூப்பிடுவது? அண்டை வீட்டுக்காரரைத்தான். அவருடைய நம்பர் கையில் இருக்க வேண்டும். அதற்கு அவரோடு பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டார் பெயர் தெரியாமல் பத்து வருஷம் வாழ்கிறவர்களுக்கு இந்தத் திண்டுக்கல் பூட்டு கிடைக்காது.

ஆகவே இந்தப் பொங்கலுக்குச் சத்திரத்தில் பஸ் ஏறுகிறவர்கள் அதற்கு முன் நாலு காரியத்தை முடித்துவிடுங்கள். பால்காரருக்கும் பேப்பர்காரருக்கும் சொல்லுங்கள். நகையை லாக்கரில் வையுங்கள். ஸ்டேஷனில் விலாசம் எழுதிக் கொடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவியைக் கொடுத்து, காலையில் வாசல் தெளித்து ஒரு கோலம் போடச் சொல்லுங்கள்; அடுத்த மாதம் அவர்கள் ஊருக்குப் போகும்போது அவர்கள் வாசலில் நீங்கள் போடுங்கள்.